தலைக்கு ஊற்றிய தேதி வேண்டாம்: வாசகியர் கேள்விகளும் பதில்களும்

தண்டையார்பேட்டை வாசகி: எனக்கு 32 நாளுக்கு ஒருமுறை மாதவிலக்கு வருகிறது. 14ஆம் நாளைக் கணக்கில் வைத்து ஆறு மாதமாக முயல்கிறோம்; கரு தங்கவில்லை.

பதினான்கை முன்னாலிருந்து எண்ணக் கூடாது, பின்னாலிருந்து எண்ண வேண்டும். சினைமுட்டை வெளிவந்த பிறகு அடுத்த மாதவிலக்கு வரையுள்ள காலம்தான் பெரும்பாலும் இரண்டு வாரத்தை ஒட்டி நிற்கும். அதற்கு முந்தைய பகுதிதான் ஆளுக்கு ஆள் நீளும், குறையும். ஆகவே உங்களுக்கு முட்டை ஏறத்தாழ 18ஆம் நாளில் வெளிவரும். அது ஒரு நாளுக்கு மேல் தாங்காது. விந்தணுவோ ஐந்து நாள் வரை உயிருடன் காத்திருக்கும். எனவே 13 முதல் 18 வரையான நாட்களைக் கணக்கில் கொள்ளுங்கள். முதல் நாள் என்பது உதிரம் தொடங்கிய நாள். மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ தலைக்கு ஊற்றிக்கொண்ட தேதியை எழுதி வைத்தால் மொத்தக் கணக்கும் தவறும்.

ராயபுரம் வாசகி: கர்ப்பப்பை பின்பக்கம் சாய்ந்திருப்பதாக ஸ்கேனில் எழுதியிருக்கிறார்கள். குழந்தை பிறக்குமா?

பிறக்கும். ஐந்தில் ஒரு பெண்ணுக்கு அப்படித்தான் இருக்கிறது.

வியாசர்பாடி வாசகி: ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பியுள்ளேன். 2 செ.மீ. நீர்க்கட்டியாம். ஆபரேஷன் தேவையா?

வயதில்லை, வலி உண்டா என்ற விவரமில்லை, மாதவிலக்கு தொடங்கிய தேதியுமில்லை. பாதி வெட்டுப்பட்ட படம் மட்டும் வந்திருக்கிறது. இதை வைத்துக்கொண்டு நான் ஜோசியம்தான் சொல்ல வேண்டும். மாதவிலக்கு நிற்காத பெண்ணுக்குச் சுழற்சியின் நடுவில் ஸ்கேன் எடுத்தால், முட்டையைச் சுமக்கும் நீர்ப்பை 2 செ.மீ. அளவுக்கு வளர்ந்து தெரிவது இயல்பு, அது நோயன்று. அந்தப் பையையே முட்டை என்று நினைத்தவர், 1672இல் அதை விவரித்த டச்சு மருத்துவர் டி கிராஃப். உள்ளிருக்கும் உண்மையான முட்டையை உயிரியலாளர் வான் பேயர் கண்டறிந்தது 1827இல்தான். அது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. தேதியுடன் மறுபடி எழுதுங்கள்.

காசிமேடு வாசகி: வயது 39, இரண்டு பிள்ளைகள். உதிரப்போக்கு அதிகம்; 4 செ.மீ. ஃபைப்ராய்டு (கர்ப்பப்பைத் தசைக்கட்டி) இருக்கிறது. "பிள்ளை பெற்றாகிவிட்டது, கர்ப்பப்பையை எடுத்துவிடலாம்" என்கிறார்கள்.

கடிதத்தில் எல்லா விவரமும் எழுதியிருக்கிறீர்கள், நன்றி. அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் மஞ்சள் பையில் பழைய ஸ்கேன் படங்களுடன் என்னிடம் வந்தார். குடத்தோடு வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டு போட்டிருந்தார். வயது 42. ஆறு ஆண்டுகளுக்கு முன் கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பைகளையும் எடுத்திருக்கிறார்கள். எது எடுக்கப்பட்டது என்பதே அவருக்குத் தெரியாது, "எல்லாத்தையும் எடுத்துட்டாங்க டாக்டர்" என்று மட்டும் சொன்னார். சினைப்பை போனால் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் ஒரே நாளில் வீழ்கிறது. எலும்பும் இதயமும் அதற்கு விலை கொடுக்கின்றன. சினைப்பையை விட்டுவைத்தாலும், அதற்குச் செல்லும் இரத்தத்தில் ஒரு பகுதி கர்ப்பப்பைத் தமனியின் கிளை வழியாகவே வருவதால், மாதவிலக்கு முடிவுக்குரிய மாற்றங்கள் சிலருக்குச் சில ஆண்டுகள் முன்னதாகவே தொடங்கிவிடுகின்றன. கர்ப்பப்பை வாயை ஒட்டி, ஏறத்தாழ 2 செ.மீ. தூரத்தில், சிறுநீர்க்குழாய் அந்தத் தமனிக்கு அடியில் புகுந்து செல்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். "பாலத்துக்கு அடியில் தண்ணீர்" என்று மாணவர்கள் மனப்பாடம் செய்வது கத்தி தவறக்கூடிய இடம் அது என்பதால்தான்.

4 செ.மீ. என்ற அளவைவிட, கட்டி எங்கே இருக்கிறது என்பதே முக்கியம். உட்குழிக்குள் துருத்தினால் சிறிய கட்டியும் உதிரத்தைக் கொட்டவைக்கும். வெளிச்சுவரில் இருந்தால் பெரியதும் பெரும்பாலும் சும்மா கிடக்கும். ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்தாயிற்றா? உதிரத்தைக் குறைக்கும் மாத்திரை, ஹார்மோன் கலந்த கருத்தடைச் சாதனம், கட்டியை மட்டும் அகற்றுவது ஆகிய வழிகளை யாராவது விளக்கினார்களா? மாதவிலக்கு நின்ற பின் இக்கட்டிகள் பெரும்பாலும் சுருங்கிவிடும். இவை எதற்கும் அடங்காத நிலையில் கர்ப்பப்பையை எடுப்பது சரியான சிகிச்சைதான், நானே செய்திருக்கிறேன். ஆனால் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மகப்பேறு மருத்துவமனை உங்களுக்கு நடக்கும் தூரம்; இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். போகும்போது உதிரம் தொடங்கிய தேதிகளை மூன்று மாதத்துக்கு எழுதி எடுத்துச் செல்லுங்கள். தலைக்கு ஊற்றிய தேதிகளை அல்ல.

பெரம்பூர் வாசகி: பிறப்புறுப்பின் உள்ளே சோப்புப் போட்டுக் கழுவலாமா?

கூடாது. அங்குள்ள நல்ல பாக்டீரியாக்கள் காக்கும் அமிலத்தன்மையைச் சோப்பு கெடுத்துவிடும். வெளியே தண்ணீர் போதும்.

திருவொற்றியூர் வாசகி: குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டேன். முட்டை உள்ளேயே தேங்கி வயிறு பெருக்குமா?

தேங்காது. கண்ணுக்கு எட்டாத அந்த முட்டையை உடலே கரைத்து உறிஞ்சிக்கொள்ளும். மாதவிலக்கும் வழக்கம்போல வரும். உதிரம் கர்ப்பப்பையின் உட்சவ்விலிருந்து வருகிறதே தவிர, ஆபரேஷனில் கட்டப்பட்ட கருக்குழாயிலிருந்து அல்ல. வயிறு பெருத்ததற்குக் காரணத்தை வேறெங்காவது தேடுங்கள்.