தபால் பெட்டியில் உங்கள் பெயர் இருக்கிறதா?

ஜெர்மனிக்குப் புதிதாக வந்தவர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கல்யாணமாகி ஸ்டுட்கார்ட் வந்து மூன்று மாதம் ஆகிறது. சொந்த ஊர் பொள்ளாச்சி. இவர் போன வருஷமே வந்துவிட்டார். நான் வந்த வாரமே நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்தோம். ஆனால் வரி எண், இன்சூரன்ஸ் அட்டை, பேங்க் கார்டு எதுவுமே எனக்கு வரவில்லை. கேட்டால் "அனுப்பிவிட்டோம்" என்கிறார்கள். "உனக்கு இப்ப எதுக்கு அதெல்லாம், என் கார்டு இருக்கில்ல" என்கிறார் இவர். வேலை தேடலாம் என்றிருந்தேன். மனசே விட்டுப்போகிறது.
- பெயர் வேண்டாம், ஸ்டுட்கார்ட்

பதில்: இதைப் படித்த கையோடு கீழே போய் உங்கள் தபால் பெட்டியைப் பாருங்கள், தங்கச்சி. அதில் உங்கள் வீட்டுக்காரர் பெயர் மட்டும்தான் ஒட்டியிருக்கும் என்று அடித்துச் சொல்வேன்.

இங்கே அடுக்குமாடி வீடுகளுக்கு நம்மூர் போல "மூன்றாவது மாடி, 3பி" என்று எண் போட்டு எழுதும் வழக்கம் இல்லை. தெரு, கட்டட எண், ஆள் பெயர், அவ்வளவுதான். தபால்காரர் வாசலில் இருக்கும் பெட்டி வரிசையில் பெயரைத் தேடுவார். இருந்தால் போடுவார், இல்லாவிட்டால் "ஆள் இல்லை" என்று அனுப்பியவருக்கே திருப்பிவிடுவார். பொள்ளாச்சியில் என்றால் டீக்கடையில் விசாரித்தாவது கொண்டுவந்து கொடுப்பார்கள். இங்கே அதை எதிர்பார்க்க முடியாது.

ஜெர்மன்காரர்களில் பெரும்பாலும் வீட்டுக்கே ஒரு குடும்பப் பெயர் இருக்கும், ஒரு சீட்டு போதும். நம் கதை வேறு. உங்கள் பாஸ்போர்ட்டில் உங்கள் அப்பா பெயர், அவர் பாஸ்போர்ட்டில் அவருடைய அப்பா பெயர். தபால்காரர் கண்ணுக்கு நீங்கள் இருவரும் சம்பந்தமே இல்லாத ஆட்கள். அதனால் உங்கள் பெயரை பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துப்படியே எழுதி, பெட்டியிலும் அழைப்பு மணியிலும் ஒட்டுங்கள். அழகான பெயர்ப்பலகை வேண்டுமென்றால் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஹவுஸ்மைஸ்டரிடம் சொல்லுங்கள், அது வரும்போது வரட்டும். இன்றைக்குக் காகிதமும் செல்லோடேப்பும் போதும்.

அப்புறம், திரும்பிப் போனதையெல்லாம் மறுபடி வரவழைக்க வேண்டும். வரி எண் 11 இலக்கம் கொண்டது, ஆயுசுக்கும் ஒன்றுதான். மத்திய வரி அலுவலகத்தின் இணையதளத்தில் மறுபடி கேட்கலாம். போனிலோ மின்னஞ்சலிலோ சொல்ல மாட்டார்கள், தபாலில்தான் வரும். அதனால்தான் பெட்டியை முதலில் சரி செய்யச் சொன்னேன். பேங்கில் கார்டு ஒரு கடிதத்திலும் பின் நம்பர் வேறொரு கடிதத்திலும் வரும், ஒன்று வந்ததும் இன்னொன்று தொலைந்தது என்று பயப்படாதீர்கள். இன்சூரன்ஸ் அட்டைக்கு உங்கள் போட்டோ போய்ச் சேர்ந்ததா என்றும் கேளுங்கள். பாதி அட்டைகள் அங்கேதான் நின்றுபோகின்றன.

இப்போது "உனக்கு எதுக்கு" என்ற விஷயம். உங்கள் வீட்டுக்காரர் கெட்ட எண்ணத்தில் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை, ஒரு வேலை குறையட்டும் என்று சொல்லியிருப்பார். ஆனாலும் இதை விட்டுக்கொடுக்காதீர்கள். வேலைக்குச் சேர்ந்தால் முதலாளி முதலில் கேட்பதே அந்த வரி எண்ணைத்தான். உங்கள் விசா அட்டையையும், கூட ஒரு தாள் கொடுத்திருந்தால் அதையும் எடுத்துப் பாருங்கள். கணவருடன் சேர்ந்து வாழ வந்தவர்களுக்கு "எர்வெர்ப்ஸ்டேடிக்கைட் எர்லௌப்ட்" என்று போட்டிருக்கும். வேலை பார்க்க உங்களுக்கு அனுமதி உண்டு, அவர் கையெழுத்து தேவையில்லை. பேங்க் கணக்கும் அப்படித்தான். சம்பளம் இல்லாதவர்களுக்கும் அடிப்படைக் கணக்கு கொடுத்தாக வேண்டும் என்று 2016 முதல் சட்டமே இருக்கிறது.

உங்கள் பெயருக்கு வரும் கடிதத்தை நீங்களே பிரியுங்கள். புரியாவிட்டால் போனில் படம் பிடித்து மொழிபெயர்த்துப் பாருங்கள், அதன் பிறகு அவரிடம் காட்டுங்கள். கடிதங்களைச் சேர்த்துவைக்க ஒரு தடித்த ஃபைல் வாங்கி, முதுகில் உங்கள் பெயரை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அவருடைய ஃபைலுக்குள் கடைசியில் சொருகி வைக்கும் வேலை வேண்டாம்.

கேள்வி: கதவில் "கேர்வோக்கெ" என்று ஒரு அட்டையை மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். எதிர்வீட்டுப் பாட்டி என்னைப் பார்த்தாலே முகத்தைத் திருப்புகிறார். ஞாயிறு காலையில் தோசைக்கு மாவாட்டுவது காரணமாக இருக்குமோ?
- ஒரு வாசகர், எஸ்லிங்கன்

பதில்: இரண்டுமே காரணமாக இருக்கும்! அட்டை உங்கள் கதவில் தொங்கினால் அந்த வாரம் உங்கள் மாடிப் படிக்கட்டைப் பெருக்கித் துடைப்பது உங்கள் முறை. முடித்ததும் அட்டையை அடுத்த வீட்டுக் கதவில் மாட்டிவிடுங்கள். ஸ்டுட்கார்ட்டைச் சுற்றியுள்ள இந்த ஸ்வாபியப் பகுதிக்கே உரிய வழக்கம் இது. வாடகை ஒப்பந்தத்தில் இருந்தால் மறுக்கவும் முடியாது. சனிக்கிழமை மதியத்துக்குள் முடித்துவிட்டால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

மாவாட்டுவதைச் சனிக்கிழமை பகலுக்கு மாற்றுங்கள். ஞாயிறு முழுக்க இங்கே அமைதி நாள். கிரைண்டரை டைல்ஸ் மேல் நேரடியாக வைத்தால் கீழ்வீட்டுச் சுவர் வரை அதிரும், அடியில் தடிமனான ரப்பர் பாய் போடுங்கள். காலிக் கண்ணாடி பாட்டில்களைத் தெருவில் இருக்கும் மறுசுழற்சித் தொட்டியில் போடுவதற்கும் ஞாயிறு ஆகாது.

தாளிப்பு வாசனைக்காகப் பதற வேண்டாம், சமைப்பது உங்கள் உரிமை. ஆனால் புகை போக வாசல் கதவைத் திறந்து வைப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். அது படிக்கட்டு முழுவதும் ஏறும். ஜன்னலை முழுசாகத் திறந்து ஐந்து, பத்து நிமிஷம் விடுங்கள். குளிர்காலத்தில் சுவரில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கவும் அதுதான் வழி.

கேள்வி: வீட்டில் டிவியும் கிடையாது, ரேடியோவும் கிடையாது. 55 யூரோ 8 சென்ட் கட்டு என்று கடிதம் வந்திருக்கிறது. மோசடியா?
- ஒரு வாசகர், மன்ஹைம்

பதில்: அந்தத் தொகையைப் பார்த்தால் மோசடி மாதிரி இல்லை. மாதம் 18.36 யூரோ வீதம் மூன்று மாதத்துக்கான ஒளிபரப்புக் கட்டணம். டிவி, ரேடியோ இருக்கிறதா என்று பார்ப்பதில்லை, வீட்டுக்கு ஒரு கட்டணம். கூட இருப்பவர் ஏற்கெனவே கட்டுகிறார் என்றால் அவருடைய கட்டணக் கணக்கு எண்ணை எழுதி அனுப்பினால் போதும். கண்டுகொள்ளாமல் விட்டால் அபராதமும் சேரும்.

கேள்வி: ஊரில் பல வருஷம் கார் ஓட்டியவன். இந்திய லைசென்ஸ் இங்கே செல்லுமா?
- ஒரு வாசகர், உல்ம்

பதில்: இங்கே குடியேறிய நாளிலிருந்து ஆறு மாதம் செல்லும். அதற்கு மேல் ஓட்ட வேண்டுமென்றால் எழுத்துத் தேர்வும், வண்டி ஓட்டிக் காட்டும் தேர்வும் முடித்துத்தான் ஆக வேண்டும். எழுத்துத் தேர்வை ஆங்கிலத்தில் எழுதலாம், தமிழில் இல்லை. நம் லைசென்ஸ் கையில் இருப்பதால் இத்தனை வகுப்பு என்ற கட்டாயம் கிடையாது. அதை நம்பி நேரே தேர்வுக்குப் போய் உட்காராதீர்கள். பலகையோ சிக்னலோ இல்லாத முனையில் வலப்பக்கமிருந்து வருபவருக்குத்தான் வழி, அது எவ்வளவு சின்னச் சந்தாக இருந்தாலும். பெரிய ரோட்டில் வருகிறோம் என்ற தைரியத்தில் நம் ஆட்கள் ஃபெயில் ஆவது அங்கேதான். உங்கள் தெருவில் நடந்து போகும்போதே அந்த முனைகளைப் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.