சேற்றில் நின்றுவிடும் பவர் டில்லர்

கேள்வி: சோழவந்தான் பக்கம் வயல் உழ, பழைய பவர் டில்லர் வாங்கினேன். சேற்றில் இறங்கினால் இன்ஜின் உறுமுகிறது, சக்கரம் நகரவில்லை, ரப்பர் கருகும் வாடை வேறு. இன்ஜின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் மூன்று பெல்ட்டில் அறுந்த ஒன்றை மட்டும் மாற்றியும் சரியாகவில்லையே?

பதில்: அங்கேதான் தப்பு. பழைய இரண்டும் நீண்டு தொய்ந்திருக்கும், புதுசு ஒன்றே மொத்த பாரத்தையும் இழுத்துக் கருகும், அதனால் ஒரே கம்பெனி, ஒரே நம்பரில் மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள். அதற்கு முன் இன்ஜினை அணைத்துவிட்டு புல்லியின் (பெல்ட் ஓடும் உருளையின்) பள்ளத்தைப் பாருங்கள். அடிப்பகுதி பளபளவென்று இருந்தால், பெல்ட் பக்கச் சுவரைப் பிடிக்காமல் அடியில் உட்கார்ந்து வழுக்குகிறது, அப்புறம் புல்லியையும் மாற்றத்தான் வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பி மாட்டாதீர்கள், உள்ளே நூல் அறுந்துவிடும். பெல்ட்டை இறுக்கும் போல்ட்டைத் தளர்த்தி மாட்டி, பிறகு இறுக்குங்கள். வழுக்கும் பெல்ட்டில் சோப்புத் தடவும் வைத்தியமெல்லாம் வேண்டாம்.