காடித் தகவலில் காசு எங்கே இருக்கிறது? சுங்கை சிப்புட் வட்டாரக் கேள்விகளுக்குப் பதில்

லோரி, பஸ், பட்டறை வைத்திருக்கும் நம் ஆட்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஜிபிஎஸ் கருவி பொருத்துவதும், அதில் வரும் கணக்கைப் பார்த்துச் சொல்வதும் என் தொழில். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணே, செம்பனைக் குலை ஏற்றும் லோரி நாலு ஓட்டுகிறேன். எல்லாவற்றிலும் ஜிபிஎஸ் உண்டு. அந்தத் தகவலை யாருக்காவது விற்கலாமா?

நாலு லோரித் தகவலை வாங்க ஆள் கிடைக்காது தம்பி. பல லட்சம் கார்களின் தகவலை வைத்திருந்தவர்களே தடுமாறினார்கள். வீஜோ, ஒட்டோனோமோ என்று இரண்டு நிறுவனங்கள் கார் கம்பெனிகளின் தகவலை வாங்கி விற்கக் கிளம்பி, 2021இல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தை வரை போயின. 2023இல் வீஜோ நொடித்துப் போனது. அதே ஆண்டு ஒட்டோனோமோ வேறொரு கம்பெனியோடு சேர்ந்துவிட்டது.

உங்கள் காசு ஆலை வாசலில் இருக்கிறது. வெட்டிய குலை கிடக்கக் கிடக்க எண்ணெயில் அமிலம் ஏறும்; 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குள் போக வேண்டும் என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. லோரி எத்தனை மணிக்குக் குலை ஏற்றியது, எப்போது ஆலை வரிசையில் நின்றது, எப்போது வெளியே வந்தது என்பதெல்லாம் உங்கள் கருவியிலேயே இருக்கிறது. ஒரு மாதக் கணக்கை எடுத்துப் பாருங்கள். எந்த ஆலையில் எந்த நேரம் கூட்டம் என்று தெரிந்துவிடும். நேரத்தை மாற்றி அனுப்பினால் அதே லோரி, அதே டிரைவரோடு இன்னொரு நடை போக முடியும். அப்புறம் அந்தக் கணக்கை அச்செடுத்துத் தோட்ட மேனேஜரிடம் காட்டுங்கள். குலை தாமதமில்லாமல் போகிறது என்று எழுத்தில் காட்டும் குத்தகைக்காரருக்கு அடுத்த ஒப்பந்தத்தில் பேசுவதற்குப் பலம் இருக்கும்.

டீசலையும் விட்டுவிடாதீர்கள். 2024 ஜூன் 10இல் தீபகற்பத்தில் லிட்டர் 2 வெள்ளி 15 சென்னிலிருந்து 3 வெள்ளி 35 சென்னுக்கு ஏறியதே, அதற்குப் பிறகு வரிசையில் இன்ஜினை ஓடவிட்டு நிற்பது சும்மா விடக்கூடிய செலவில்லை. சலுகை விலை அட்டை வைத்திருப்பவருக்கும் ஊற்றின டீசல் ஊற்றினதுதான்.

பட்டறைக்கு இதில் என்ன வருமானம்?

ஸ்டீயரிங்குக்குக் கீழே, காடியின் பழுதைக் கண்டுபிடிக்கக் கருவி செருகும் இடம் இருக்கும்; அதற்கு ஓபிடி இணைப்பு என்று பெயர். அதில் சிறு கருவியைச் செருகினால் பழுதுக் குறியீடு, பேட்டரி அழுத்தம், இன்ஜின் சூடு எல்லாம் போனுக்கு வரும். பேட்டரி பலவீனமாகிறது என்று முன்கூட்டியே கூப்பிட்டுச் சொல்லும் பட்டறையை வாடிக்கையாளர் விடமாட்டார். மாதச் சந்தாவாக வாங்குவதைவிட, வருட சர்வீஸ் திட்டத்தோடு சேர்த்து விற்பது நம் ஊருக்குச் சரிப்படும். மலிவான கருவி வேண்டாம். நிறுத்தி வைத்த காடியின் பேட்டரியை அதுவே குடித்துவிடும்.

நான் இன்சூரன்ஸ் ஏஜெண்டு, தம்பி. நன்றாக ஓட்டுபவருக்குக் குறைந்த பிரிமியம் என்று சொல்லி விற்கலாமா?

விற்கலாம் அக்கா. 2017 ஜூலை முதல் முழுக் காப்புறுதிக்குக் கம்பெனிகள் ஆபத்தைப் பார்த்துத் தாங்களே விலை வைக்க முடிகிறது. ஆனால் இழப்பீடு கேட்காதவருக்குக் கிடைக்கும் என்சிடி கழிவை ஏற்கெனவே 55 விழுக்காடு வைத்திருப்பவர் கூடுதல் சலுகைக்குப் பெரிதாக அசையமாட்டார். லோரி, பஸ் முதலாளிகளிடம் போங்கள். வேகம், திடீர் பிரேக், இரவு ஓட்டம் பற்றிய அவர்களின் கணக்கைக் கம்பெனியிடம் எடுத்துப் போய்ப் பேசித் தருவதுதான் உங்கள் சேவை.

ஒன்று மட்டும்: ஓட்டுபவருக்குத் தெரியாமல் வேண்டாம். ஜெனரல் மோட்டார்ஸ் தன் கார்களின் ஓட்டுத் தகவலை இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்குத் தகவல் விற்கும் லெக்சிஸ்நெக்சிஸ், வெரிஸ்க் நிறுவனங்களுக்குக் கொடுத்தது 2024 மார்ச்சில் வெளியே வந்தது. பிரிமியம் ஏன் ஏறியது என்று புரியாமல் இருந்தவர்கள் கொதித்துப் போனார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் அத்தகைய நிறுவனங்களுக்கு ஐந்து ஆண்டுகள் வரை தகவல் தரக்கூடாது என்ற தடையை அமெரிக்க வர்த்தக ஆணையம் 2025 ஜனவரியில் அறிவித்தது.

என் புதுக் காடியிலேயே சிம் இருந்து, தகவலைக் கம்பெனிக்கு அனுப்புகிறதாம். என் தகவலுக்கு எனக்குப் பங்கு வராதா?

பங்கு வராது, உரிமை உண்டு. 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, உங்களைப் பற்றி என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேட்கலாம். 2024 திருத்தத்துக்குப் பிறகு அந்தச் சட்டத்தின் கோட்பாடுகளை மீறும் நிறுவனத்துக்கு அபராதம் 10 லட்சம் வெள்ளி வரை போகும். காடி செயலியில் ‘பகிர்தல்’ என்ற பகுதியைத் திறந்து, வேண்டாததை அடைத்து வையுங்கள்.

பள்ளி பஸ் ஓட்டுகிறேன். பெற்றோர்கள் காசு கொடுப்பார்களா?

கொடுப்பார்கள். பஸ் எங்கே வருகிறது என்று பார்க்கும் வசதிக்குக் கட்டணத்தோடு சில வெள்ளி கூட வாங்கலாம். அந்தந்தப் பிள்ளையின் பெற்றோருக்கு மட்டும் திறக்கும்படி வையுங்கள். எல்லாரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் இணைப்பைப் போடவே கூடாது.

டிரைவர்கள் கருவியைப் பிடுங்கிவிடுகிறார்கள் ஐயா. என்ன செய்வது?

அவர்கள் கோபம் நியாயமானது. திட்டுவதற்கு மட்டும் ஜிபிஎஸ்ஸைத் திறக்கும் முதலாளியிடம் யார்தான் சும்மா இருப்பார்கள்? எதைப் பதிவு செய்கிறோம், யார் பார்ப்பார்கள் என்று முதலில் மலாயிலும் தமிழிலும் எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். வேலை நேரம் முடிந்தபின் பார்க்காதீர்கள். மிச்சமான டீசல் காசில் ஒரு பங்கைச் சம்பளத்தோடு கொடுங்கள். சம்பளச் சீட்டில் அது தனி வரியாகத் தெரியட்டும். முதல் மாதம் பணம் கைக்கு வந்தபின், கருவி வேலை செய்யவில்லை என்றால் அவர்களே வந்து சொல்வார்கள்.