அப்பா அம்மாவோடு செயின்ட் ஜான் தீவுக்கு: கிறிஸ்துமஸிலா, ஜூனிலா?

கேள்வி: வணக்கம் மேடம். நியூ ஜெர்சியில் எச்-1பி என்ற வேலை விசாவில் வேலை பார்க்கிறேன். மனைவி அதைச் சார்ந்த எச்-4 விசாவில் பகுதி நேர வேலைக்குப் போகிறார். 9 வயதிலும் 5 வயதிலும் இரண்டு பிள்ளைகள், இங்கேயே பிறந்தவர்கள். கும்பகோணத்திலிருந்து அப்பாவும் அம்மாவும் அக்டோபரில் ஆறு மாதத்துக்கு வருவதாகப் பேச்சு. டிக்கெட் இன்னும் போடவில்லை. அப்பாவுக்கு 71 வயது, முழங்கால் வலி உண்டு. கூட்டமில்லாத கடற்கரையில் ஒருநாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது அம்மாவின் வெகுநாள் ஆசை. கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஆறு பேரும் கரீபியனில் இருக்கும் செயின்ட் ஜான் தீவுக்குப் போகலாம் என்று நினைக்கிறோம். டிக்கெட், வாடகை வீடு, கைச்செலவு எல்லாம் சேர்த்து 6,500 டாலர் ஆகும் என்று கணக்குப் போட்டேன். டொமினிகன் குடியரசில் புன்டா கானா இன்னும் மலிவு என்கிறார் நண்பர். என் நிலவரம்: மாதச் செலவு 5,200 போக 1,300 மிஞ்சும். அவசரக் கையிருப்பு 14,000. கிரெடிட் கார்டில் 4,200 பாக்கி, வட்டி 24%. கையிருப்பில் 4,000 எடுத்துக்கொண்டு மீதியைக் கார்டில் போடலாமா? என் பாஸ்போர்ட்டில் விசா முத்திரை காலாவதி ஆகிவிட்டது. இங்கே தொடர்ந்து தங்குவதற்கான நீட்டிப்பு ஒப்புதல் கடிதம் கையில் இருக்கிறது.

பதில்: வணக்கம். முதலில், போங்கள். அப்பாவுக்கு 71, சின்னவளோ சின்னவனோ 5 வயது. இந்த ஆறு பேரும் ஒரே கடற்கரையில் உட்காரக்கூடிய வருஷங்கள் நிறைய இல்லை. ஆனால் இந்தக் கிறிஸ்துமஸுக்கு வேண்டாம். அடுத்த ஜூன் கடைசியில், பள்ளி மூடியதும் போங்கள். அதற்கு அப்பா அம்மாவின் வருகையையே அக்டோபரிலிருந்து ஏப்ரலுக்குத் தள்ளிவைக்கச் சொல்வேன். பி-2 என்ற சுற்றுலா விசாவில் வருபவர்களுக்குப் பொதுவாக ஆறு மாதம் வரை தங்க அனுமதி தருவார்கள். அக்டோபரில் வந்தால் அதில் பாதி நாள் பனிக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும். ஏப்ரலில் வந்தால் அப்பா தினமும் தெருவில் நடக்கலாம், முழங்காலுக்கும் அதுதான் நல்லது.

புன்டா கானா பேச்சை இப்போதே விட்டுவிடுங்கள். அது வேறு நாடு. முத்திரை காலாவதியான நிலையில் அங்கே போனால், புது முத்திரை வாங்காமல் நீங்கள் திரும்பி வர முடியாது. தூதரகத்தில் நேர்காணல் தேதிக்காகக் காத்திருந்து, சம்பளமில்லா விடுப்பில் நாள் கழிந்தால், மலிவு என்ற பேச்சுக்கே இடமில்லை. செயின்ட் ஜான் அப்படி அல்ல. அது அமெரிக்க வர்ஜின் தீவுகளில் ஒன்று. டென்மார்க்கிடமிருந்து 1917-ல் 2.5 கோடி டாலர் தங்கம் கொடுத்து அமெரிக்கா வாங்கிய மூன்று பெரிய தீவுகளில் சிறியது. நேராகப் போய் நேராகத் திரும்பினால் நாட்டை விட்டு வெளியே போனதாகக் கணக்கில்லை. ஆனாலும் திரும்பும்போது பக்கத்துத் தீவான செயின்ட் தாமஸின் விமான நிலையத்தில் எல்லை அதிகாரிகள் எல்லோரையும் சோதிப்பார்கள். பாஸ்போர்ட், ஒப்புதல் கடிதம், ஐ-94 என்ற வருகைப் பதிவின் நகல், பிள்ளைகளுடைய பாஸ்போர்ட் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் போட வேண்டாம்.

இதில் ஒரு விஷயத்தை மட்டும் கவனமாகப் படியுங்கள். செயின்ட் ஜானில் நின்று பார்த்தால் எதிரே தெரிகிற தீவுகள் பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகள். யோஸ்ட் வான் டைக் தீவுக்கு ஒருநாள் படகுச் சுற்றுலா என்று அங்கே விற்பார்கள். கூப்பிடு தூரம்தானே என்று ஏறிவிடாதீர்கள். அந்தப் படகு கரை தொட்ட கணமே நீங்கள் அமெரிக்காவை விட்டு வெளியேறியவர்.

இப்போது உங்கள் 6,500. சாதாரணமான மாதத்துக்கே அது போதாது. கிறிஸ்துமஸ் வாரத்துக்குக் கிட்டவே வராது. டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை அங்கே விலை உச்சத்தில் இருக்கும். கிறிஸ்துமஸ் வாரத்தில் அதற்கும் மேல். குறைந்தது ஏழு இரவு எடுத்தால்தான் வீடு தருவோம் என்பவர்களும் உண்டு. ஜூன் கடைசிக்கு நான் போட்ட கணக்கைச் சொல்கிறேன். ஆறு டிக்கெட் தலைக்கு 450 வீதம் 2,700. இரண்டு படுக்கையறை வீடு ஆறு இரவுக்கு 2,280, சுத்தம் செய்யும் கட்டணம் 200, அதன்மேல் தங்கும் வரி 12.5%, ஆக 2,790. நீங்கள் வரியையும் சுத்தக் கட்டணத்தையும் சேர்த்திருக்க மாட்டீர்கள். தேடும்போது முதலில் கண்ணில் படுகிற விலையில் அவை இருக்காது.

அப்புறம் வண்டி. இந்தத் தீவில் விமான நிலையம் கிடையாது. செயின்ட் தாமஸில் இறங்கி, டாக்சியில் ரெட் ஹுக் துறைக்குப் போய், அங்கிருந்து இருபது நிமிஷம் படகில் போனால் செயின்ட் ஜானின் துறைமுக ஊரான க்ரூஸ் பே. டாக்சிக்கு வண்டிக்கு இவ்வளவு என்று வாங்க மாட்டார்கள், ஆளுக்கு இவ்வளவு. பெட்டிக்குத் தனி. படகிலும் அப்படியே. ஆறு பேர் போய்வர 250 ஒதுக்குங்கள். தீவுக்குள் செங்குத்துச் சாலைகள், நாலு சக்கரமும் இழுக்கும் ஜீப் வேண்டும். வழக்கமாகக் கிடைப்பது நாலைந்து பேர் உட்காரும் ஜீப். ஏழு பேர் வண்டி குறைவு, சீக்கிரம் போய்விடும். ஆறு நாளைக்கு 780. அங்கே வண்டி இடது பக்கம்தான் ஓடுகிறது. அப்பாவுக்கு அது இயல்பாக இருக்கும், நியூ ஜெர்சியில் ஓட்டிப் பழகிய உங்களுக்குத்தான் முதல் நாள் திணறல்.

மளிகை எல்லாம் கப்பலில் வருவதால் விலை அதிகம். 600 போடுங்கள், இரண்டு முறை வெளியே சாப்பிட 350. அரிசி, ரசப்பொடி, பருப்புப்பொடி, ஒரு சின்ன குக்கர் பெட்டியில் போட்டுக்கொண்டு போனால் மிச்சம் ஆவதோடு அம்மாவுக்கும் ஒப்பும். பயணக் காப்பீடு 300. இதுவரை 7,770.

கடற்கரைக்கு என்ன செலவு என்று கேட்டால், கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. தீவின் பெரும்பகுதி 1956-ல் அமைந்த தேசியப் பூங்கா. அதனால்தான் கரையோரமாக ஓட்டல் சுவர்கள் எழும்பவில்லை, அந்த அமைதியும் அதனால்தான். ட்ரங்க் பேயில் மட்டும் பெரியவர்களுக்கு ஆளுக்கு 5 டாலர், உங்களுக்கு 20. அதைச் சேர்த்தால் மொத்தம் 7,790. சின்னமன் பே, மஹோ பே இரண்டும் இலவசம். உங்கள் அம்மா கேட்ட கடற்கரை மஹோ. சாலையை ஒட்டியே மணல், வண்டியை விட்டு இறங்கிப் பத்தடி வைத்தால் தண்ணீர். அலை பெரிதாக இருக்காது, வெகுதூரம் ஆழமும் இல்லை. கடல்புல் மேய வரும் ஆமைகள் மூச்சு விடத் தலையைத் தூக்குவதைக் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தே பார்க்கலாம். வெயில் கிரீமில் ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்சேட் இருந்தால் அங்கே தடை, பவளப்பாறைக்கு ஆகாது. இங்கிருந்தே சரியானதை வாங்கிப் போங்கள், அங்கே விலை கூடுதல்.

எதிர்பாராததுக்கு 10% சேர்த்தால் 8,570. இந்தப் பணம் எங்கிருந்து வரும்? செப்டம்பரிலிருந்து உங்கள் 1,300 முழுவதும் கார்டுக்குப் போகட்டும். வட்டியோடு சேர்த்து டிசம்பரில் பாக்கி தீர்ந்து, கையில் சுமார் 810 நிற்கும். ஜனவரி முதல் ஜூன் வரை ஆறு மாதம் 7,800. மொத்தம் 8,610. ஜனவரிக் கடைசியில் வீட்டுக்கு முன்பணம், மார்ச்சில் டிக்கெட் என்று அந்தந்த மாதப் பணத்திலேயே கட்டிக்கொண்டு போகலாம். இடையில் பள்ளிச் செலவோ கார் ரிப்பேரோ வந்தால் ஆறு இரவை ஐந்தாக்குங்கள், கார்டைத் தொட வேண்டாம். கார்டு தீர்ந்தபின் முன்பதிவைக் கார்டில் செய்து அந்த மாதமே முழுதாகக் கட்டுவதில் தவறில்லை. தகராறு வந்தால் பணத்தைத் திரும்பக் கேட்க அது வசதி.

அவசரக் கையிருப்பில் 4,000 எடுக்கலாமா என்று கேட்டீர்கள். கூடாது. குடியுரிமை உள்ளவருக்கு வேலை போனால் அடுத்த வேலை வரை சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் அந்தப் பணம். எச்-1பியில் இருப்பவருக்கு வேலை போனால் அதிகபட்சம் 60 நாள்தான் அவகாசம். அதற்குள் வேறு நிறுவனம் மனு போட வேண்டும், வழக்கறிஞர் செலவு வரலாம், ஒன்றும் அமையாவிட்டால் வாடகை ஒப்பந்தத்தை முறித்து நாலு பேருக்கு ஊருக்கு டிக்கெட் எடுக்க வேண்டும். உங்கள் 14,000 மூன்று மாதச் செலவுக்கே வராது. என்னைக் கேட்டால் அது இன்னும் வளர வேண்டிய பணம். ஜூலையிலிருந்து 1,300 அங்கேதான் போக வேண்டும்.

ஜூன் என்றதும் புயல் பயம் வரும். ஜூன் 1-லிருந்து நவம்பர் 30 வரை புயல் பருவம்தான். இதே தீவை 2017 செப்டம்பரில் இர்மா புரட்டிப் போட்டது. ஆனால் கடுமை கூடுவது ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் வரை. ஜூனில் ஆபத்து குறைவு, இல்லாமல் இல்லை. அதனால்தான் அந்த 300 டாலர் காப்பீடு. புயலுக்குப் பெயர் வைத்த பிறகு வாங்கினால் அந்தப் புயலுக்குப் பணம் கிடைக்காது. வீட்டுக்கு முன்பணம் கட்டிய வாரமே வாங்கிவிடுங்கள். கோடையில் சர்காசம் என்ற கடற்பாசி சில கரைகளில் குவிந்து நாறும். தெற்கிலும் கிழக்கிலும்தான் அது அதிகம். நான் சொன்ன மூன்று கரைகளும் வடக்கே. ஜூலை 3 அங்கே விடுதலை நாள், 1848-ல் அடிமைத்தனம் ஒழிந்த நாள். ஜூலை 4 வரை க்ரூஸ் பேயில் கொண்டாட்டம், கூட்டம். அமைதிதான் வேண்டும் என்றால் அதற்கு முன்பே திரும்பிவிடுங்கள்.

அப்பா அம்மாவின் மருத்துவக் காப்பீட்டை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை, அது அவர்கள் வருகைச் செலவு. ஆனால் வாங்கும்போது அவசர மருத்துவப் போக்குவரத்து உண்டா என்று பாருங்கள். தீவில் இருப்பது கிளினிக். மருத்துவமனை செயின்ட் தாமஸில், அதாவது படகேறிப் போக வேண்டும். அதற்கும் மேல் என்றால் விமானத்தில். பழைய நோய் திடீரென முற்றினால் எவ்வளவு தருவார்கள் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வீடு எடுக்கும்போது நான் செய்த தப்பைச் செய்யாதீர்கள். சில வருஷங்களுக்கு முன் மாமியாரோடு அங்கே போனபோது, இரவுக்கு 70 டாலர் குறைகிறதே என்று மலைமேல் ஒரு வீடு எடுத்தேன். படத்தில் கடல் அழகாகத் தெரிந்தது. வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து வாசலுக்கு 52 படி என்பது படத்தில் தெரியவில்லை. முதல் நாள் ஏறி இறங்கியதோடு சரி, மறுநாள் "நீங்க போய்ட்டு வாங்க" என்று திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். அங்கே வீடுகளுக்குக் கூரையில் விழும் மழைநீரைத் தொட்டியில் பிடித்துத்தான் தண்ணீர். மாமியார் சென்னையில் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்தவர். ஒரு வாளியில் குளித்து, பாத்திரம் கழுவும் தண்ணீரை அளந்து ஊற்றி, பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். ஆனால் அவர் பார்க்க வந்த கடலை ஆறு நாளில் இரண்டு நாள்தான் தொட்டார். நான் மிச்சம் பிடித்தது 420 டாலர்.

ஆகவே முன்பணம் அனுப்பும் முன் வீட்டுக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். வண்டியிலிருந்து படுக்கைவரை எத்தனை படி? ஏசி எந்தெந்த அறையில், மின்சாரத்துக்குத் தனிக் காசா? புயல் எச்சரிக்கை வந்தால் எவ்வளவு திரும்பத் தருவீர்கள்? பதில் எழுத்தில் வரட்டும். அதெல்லாம் ஜனவரியில். இந்த வாரம் செய்ய வேண்டியது கும்பகோணத்துக்கு ஒரு போன். ஏப்ரலில் வர அப்பாவுக்குச் சம்மதமா என்று கேளுங்கள், அந்த மாதங்களில் ஊரில் விட்டுவர முடியாத கல்யாணம் காட்சி ஏதாவது இருக்கிறதா என்றும் அம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.