ரசீது இருக்கிறதே! – நாஜி காலக் கலைச் சூறை: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஐரோப்பாவில் உறவினர் வீட்டில் இருக்கும் ஓவியத்தின் படத்தை இணைத்துள்ளேன். நாஜிகள் திருடியதா என்று பார்த்துச் சொல்ல முடியுமா?

முடியாது. திருட்டு ஓவியத்தின் முகத்தில் எழுதியிருக்காது, முதுகில் இருக்கும். எத்தனை முறை சொல்வது? வெளிச்சட்டம் (பிரேம்), துணியை இழுத்துக் கட்டிய மரக்கட்டை, துணி ஆகிய மூன்றின் பின்பக்கத்தையும் பக்கவாட்டு வெளிச்சத்தில் தனித்தனியாகப் படமெடுங்கள். ஒட்டுச்சீட்டு, முத்திரை, சாக்பீஸ் எண், சுங்க முத்திரை என எதையும் விடாதீர்கள்.

பாரிஸில் சூறையாடிய ரோசன்பெர்க் படை (கலைப்பொருட்களைப் பறித்த நாஜி அமைப்பு) ஒவ்வொரு பொருளுக்கும் குறியீடு போட்டது. 'ஆர்' எழுத்தோடு எண் இருந்தால் ரோத்ஷில்டு குடும்பத்தின் சேகரிப்பு. 'டி டபிள்யூ' என்றால் தாவீத்-வேய் குடும்பத்தின் சேகரிப்பு. 'எம்ஏ-பி' என்றால் வீட்டுச் சாமான் வேட்டையில் கிடைத்த படம். பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்தில் சுமார் 70,000 வீடுகளைத் துடைத்தெடுத்த வேட்டை அது. வீட்டுக்காரர் பெயரைக்கூட யாரும் குறித்து வைக்கவில்லை. 'மியூ' என்று தொடங்கும் எண், போருக்குப் பின் நேச நாடுகள் மியூனிக்கில் நடத்திய சேகரிப்பு மையத்தினுடையது. இது மட்டுமே திருட்டுக்குச் சான்றல்ல. ஜெர்மன் அருங்காட்சியகங்களின் சொந்தப் பொருட்களும் அங்கே போயின. அந்த எண்ணுக்கு மையம் எழுதிவைத்த விவர அட்டையைத் தேடிப் படிக்க வேண்டும்.

படமெடுக்கும் முன் துடைக்காதீர்கள். புதுத் துணி ஒட்டிப் பழுதுபார்க்கக் கொடுத்துவிடாதீர்கள். பாதிச் சாட்சியம் அழிவது பழுதுபார்க்கும் பட்டறையில்தான்.

கேள்வி: 'சீர்கெட்ட கலை' என்று முத்திரை குத்தி நாஜிகள் பறித்த நவீன ஓவியங்களை ஜெர்மன் அருங்காட்சியகங்கள் ஏன் திரும்பக் கேட்பதில்லை?

அந்தச் சுமார் 20,000 படைப்புகளில் பெரும்பகுதி அரசு அருங்காட்சியகங்களுடையது. தன் சொத்தைத் தானே 1938இல் சட்டம் போட்டு அரசு எடுத்து விற்றது. அந்தச் சட்டம் போருக்குப் பின்னும் செல்லாததாக்கப்படவில்லை. அருங்காட்சியகத்தில் இரவலாக இருந்த தனியார் ஓவியம் என்றால் கதை வேறு. இரண்டையும் குழப்பாதீர்கள்.

கேள்வி: நாஜிகள் பறித்து, பிறகு ஆஸ்திரியா வைத்திருந்த கிளிம்ட்டின் அடேல் ஓவியத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம்தானே திருப்பித் தந்தது?

இல்லை. ஆஸ்திரியா மீது அமெரிக்காவில் வழக்குத் தொடுக்கலாம் என்று மட்டுமே 2004இல் அது சொன்னது. அடேல் படம் உட்பட ஐந்து கிளிம்ட் ஓவியங்களை வாரிசுகளிடம் தரச் சொன்னது 2006இல் ஆஸ்திரியாவில் அமைந்த நடுவர் குழு.

கேள்வி: 1938இல் யூத உரிமையாளரே ஏலத்தில் விற்றிருக்கிறார். பணம் கட்டியதற்கு ரசீது இருக்கிறது. இதையும் சூறை என்பது மிகையில்லையா?

ரசீதைத் தூக்கிக்கொண்டு யாராவது வராத மாதமே இல்லை. வாங்கியவர் பணம் கட்டினார் என்பதற்கு மட்டும்தான் ரசீது சாட்சி. அந்தப் பணம் யார் கைக்குப் போனது?

1938 ஏப்ரல் ஆணைப்படி 5,000 மார்க்குக்கு மேல் சொத்துள்ள யூதர்கள் எல்லாவற்றையும் பதிய வேண்டியிருந்தது. ஆக, பட்டியல் அரசிடம் தயார். அதே ஆண்டு நவம்பரில் யூதர்கள் மீது நடந்த வன்முறையில் அடிபட்டவர்கள் தலையிலேயே தண்டத்தையும் கட்டினார்கள்: சொத்தில் 20 சதவீதம், மறு ஆண்டு அதையே 25 ஆக்கினார்கள். வசதியானவர் நாட்டைவிட்டுப் போக நினைத்தால் வெளியேற்ற வரி இன்னொரு 25. விற்ற பணம் முடக்கப்பட்ட கணக்கில் விழும். வீட்டுச் செலவுக்கு அனுமதித்த தொகையை மட்டும் மாதாமாதம் எடுக்கலாம். மிச்சத்தை வெளிநாட்டுக்கு மாற்றினால், 1939 இறுதி வாக்கில் நூறு மார்க்குக்கு நாலு மார்க் தேறினால் அதிகம். எல்லோரும் ஒரே நேரத்தில் விற்றதால் விலையும் பாதாளத்தில். 1941 நவம்பர் ஆணைக்குப் பிறகு நாடு கடத்தப்பட்டவரின் சொத்து எல்லை தாண்டியதுமே அரசுடைமை. அதற்குப் பிந்தைய ரசீதுகளில் பெரும்பாலும் விற்பவரே அரசுதான்.

இதெல்லாம் நான் கண்டுபிடித்த வாதமல்ல. அமெரிக்க ஆக்கிரமிப்பு மண்டலத்தின் 1947ஆம் ஆண்டு 59ஆம் எண் சட்டமே, நிரூபிக்கும் பாரத்தை வாங்கியவர் மேல் போட்டது. நியாயமான விலையா? அந்தப் பணத்தை விற்றவர் தன் விருப்பப்படி செலவிட முடிந்ததா? 1935 செப்டம்பர் 15க்குப் பிந்தைய விற்பனை என்றால் மூன்றாவதாக: நாஜி ஆட்சி இல்லாவிட்டாலும் இது நடந்திருக்குமா? இன்றும் இந்த மூன்றையும்தான் கேட்க வேண்டும்.

பதில் ரசீதில் கிடைக்காது, வரிக் கோப்பில் கிடைக்கும். பெர்லின்காரர் என்றால் போட்ஸ்டாமிலுள்ள பிராண்டன்பர்க் மாநில ஆவணக் காப்பகம். வியன்னாக்காரர் என்றால் ஆஸ்திரிய அரசு ஆவணக் காப்பகத்தின் 1938 சொத்துப் பதிவுகள். ஏலப் பட்டியலை ஹைடல்பெர்க் பல்கலைக்கழகம் மின்வடிவில் தந்திருக்கிறது. 'ஆரியரல்லாதார் உடைமை' என்று அச்சிட்டே விற்றிருப்பார்கள், பாருங்கள்.

கேள்வி: நாஜி காலத்தில் தொலைந்த கலைப்பொருட்களைப் பதியும் ஜெர்மனியின் லாஸ்ட் ஆர்ட் தரவுத்தளத்தில் தேடினேன், இல்லை. நிம்மதியாக வாங்கலாமா?

கூடாது. யாரோ பதிந்தால்தான் அதில் வரும். குடும்பமே அழிந்துபோன வீட்டுக்கு யார் பதிவார்கள்?

கேள்வி: 80 ஆண்டு கழித்துக் கேட்டால் சட்டம் ஏற்குமா? என்ன ஆவணம் வேண்டும்?

எந்த நாடு என்று எழுதாமல் சட்டம் கேட்கிறீர்கள். நாஜிகள் பறித்த கலைப்பொருட்கள் பற்றி 1998இல் 44 நாடுகள் ஏற்ற வாஷிங்டன் கோட்பாடுகள் சட்டமல்ல, மனமிருந்தால் மார்க்கம். அமெரிக்காவின் 2016 சட்டம், பொருள் இருக்கும் இடமும் தன் உரிமையும் உண்மையில் தெரியவந்த நாளிலிருந்து வழக்குத் தொடுக்க ஆறு ஆண்டு தந்தது. பிரான்ஸில் அரசுச் சேகரிப்பிலிருந்து எடுத்துத் திருப்பித் தர ஒவ்வொரு முறையும் தனிச் சட்டம் வேண்டியிருந்தது. 2023இல்தான் பொதுச் சட்டம் வந்தது.

முதலில் வாரிசுச் சங்கிலியைச் சேருங்கள்: பிறப்பு, திருமணம், இறப்பு, உயில் ஒவ்வொரு தலைமுறைக்கும். ஒரு கிளையை மறைத்தால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். அந்த ஓவியத்துக்காகக் குடும்பம் 1950, 60களில் ஜெர்மனியிடம் இழப்பீடு வாங்கியதா என்றும் பாருங்கள். வாங்கியிருந்தால், ஓவியம் கிடைக்கும்போது அதைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள்.

கேள்வி: பெர்லின் பழைய பொருள் சந்தையில் வாங்கிய புத்தகத்தில் ஒரு பெயரும் நூலக முத்திரையும் உள்ளன. கவலைப்பட வேண்டுமா?

நல்ல கேள்வி. பெர்லின் நகர நூலகம், நாடு கடத்தப்பட்ட யூதர் வீடுகளின் புத்தகங்கள் சுமார் 40,000ஐ 1943இல் நகர அடகுக் கடை வழியாக வாங்கி, 'ஜே' எழுத்தோடு பதிந்தது. உள்ளட்டை, முகப்புத் தாள், கடைசிப் பக்கம் மூன்றையும் படமெடுங்கள். பெயர், கையெழுத்து, உரிமையாளர் சீட்டு, நூலக வரவு எண், நூலகம் புத்தகத்தைக் கழித்ததற்கான முத்திரை தெரிய வேண்டும். சூறையாடப்பட்ட புத்தகங்களைப் பதியும் 'லூட்டட் கல்ச்சுரல் அசெட்ஸ்' தரவுத்தளத்தில் பெயரைத் தேடுங்கள். எழுத்துக்கூட்டலை நாலு விதமாக மாற்றிப் போடுங்கள். பிறகு முத்திரைக்குரிய நூலகத்துக்கு எழுதுங்கள். சீட்டை மட்டும் உரித்துவிடாதீர்கள்.