பேங்க் கணக்கும் சாப்ட்வேர் கணக்கும் டேலி ஆகவில்லையா?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: மூன்று மாத ஸ்டேட்மென்ட்டை சிஎஸ்வி கோப்பாக (கமா போட்டுப் பிரித்த வெறும் எழுத்துப் பட்டியல்) இறக்கி, க்னூகேஷ் என்ற கணக்கு சாப்ட்வேரில் ஏற்றினேன். சேமிப்புக் கணக்கு, கிரெடிட் கார்டு இரண்டையுமே ஏற்றினேன். இரண்டிலும் இருப்பு உதைக்கிறது, வித்தியாசத்துக்கு ஒரு என்ட்ரி போட்டு சமன் செய்துவிடலாமா?

வேண்டாம். அப்படிச் செய்தால் தப்பு அங்கேயேதான் இருக்கும், கண்ணுக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான்.

என் சந்தேகமெல்லாம் கார்டு பில் கட்டிய என்ட்ரிகள் மேல்தான். சேமிப்பிலிருந்து கார்டுக்கு 5,000 கட்டினால் அது சேமிப்புக் கோப்பில் ஒரு தடவையும், ஓரிரு நாள் தள்ளி கார்டு கோப்பில் இன்னொரு தடவையும் வரும். இரண்டும் ஒரே பணம். முதல் கோப்பை ஏற்றும்போதே எதிர்க்கணக்காக (அதாவது, பணம் போய்ச் சேர்ந்த மறுபக்கக் கணக்காக) கார்டைக் காட்டியிருப்பீர்கள், அப்புறம் கார்டு கோப்பை ஏற்றும்போது அதே வரியைப் புதிய என்ட்ரியாகச் சேர்த்து, எதிர்க்கணக்காகச் சேமிப்பைக் கொடுத்திருந்தால் இரண்டு கணக்கிலும் 5,000 இரட்டிப்பாகப் பதிவாகியிருக்கும். ஏற்றுவதற்கு முன் வரும் பொருத்தும் திரையில் இப்படிப்பட்ட வரிகளை ஏற்கனவே இருக்கும் என்ட்ரியோடு இணைக்க வேண்டும். அந்தத் திரையைப் படிக்காமல் ஓகே அழுத்தாதவர் யார், நானும் அழுத்தியிருக்கிறேன்.

உங்கள் பேங்க் ஓஎஃப்எக்ஸ் கோப்பு (கணக்கு சாப்ட்வேர்களுக்கென்றே உள்ள ஸ்டேட்மென்ட் வடிவம்) கொடுத்தால் அதையே எடுங்கள். அதில் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தனி அடையாள எண் இருக்கும், அதனால் ஒரே கணக்கின் கோப்பைத் தெரியாமல் இரண்டு தடவை ஏற்றினாலும் க்னூகேஷ் கண்டுபிடித்துவிடும். சிஎஸ்வியில் அந்த எண்ணை நம்பிக்கொண்டிருக்க முடியாது, தேதியையும் தொகையையும் வைத்து ஊகிப்பதுதான். தேதி வடிவத்தையும் பாருங்கள்: 03/04 என்பது ஏப்ரல் 3ஆ, மார்ச் 4ஆ? தப்பான வடிவம் தேர்ந்தெடுத்தால் 12ஆம் தேதிக்கு மேல் உள்ளவை பிழை என்று நிற்கும், 12 வரை உள்ளவை சத்தமில்லாமல் வேறு மாதத்தில் போய் உட்காரும்.

சரி, தப்பை எப்படித் தேடுவது? வித்தியாசத் தொகையே துப்பு சொல்லும். அதே தொகையில் ஒரு என்ட்ரி இருந்தால், இரட்டிப்போ விடுபட்டதோ. வித்தியாசத்தில் பாதித் தொகைக்கு என்ட்ரி இருந்தால், வரவு பற்றாக மாறியிருக்கலாம். 600 செலவு வரவாக ஏறினால் 1,200 உதைக்கும். வித்தியாசம் 9ஆல் மீதியில்லாமல் வகுபட்டால், இலக்கம் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம் (4,720க்குப் பதில் 4,270, வித்தியாசம் 450), ஆனால் இது கையால் அடித்தவற்றில்தான் நடக்கும், கோப்பிலிருந்து வந்தவற்றில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

மூன்று மாதத்தையும் ஒரே மூச்சில் சரிபார்க்காமல் முதல் மாதத்திலிருந்து ஆரம்பியுங்கள். முதல் என்ட்ரிக்கு முந்தைய நாள் தேதியில் தொடக்க இருப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, க்னூகேஷின் சரிபார்ப்புத் திரையில் (Reconcile) ஸ்டேட்மென்ட்டின் கடைசித் தேதியையும் இறுதி இருப்பையும் கொடுத்து, அதில் இருப்பவற்றை மட்டும் டிக் செய்யுங்கள். கொடுத்த செக் இன்னும் பாஸ் ஆகவில்லை என்றால் டிக் செய்யாமல் விடுங்கள், அது தப்பில்லை. வித்தியாசம் பூஜ்யம் ஆனதும் முடித்துவிட்டு அடுத்த மாதம். அடுத்த மாதத்தைத் திறக்கும்போது தொடக்க இருப்பே மாறியிருந்தால், ஏற்கனவே சரிபார்த்த என்ட்ரி ஒன்றை இடையில் திருத்தியிருக்கிறீர்கள் அல்லது அழித்திருக்கிறீர்கள். முதலில் அதைத் தேடுங்கள்.