வாங்கும் முன் ஏழு நாள்

கேள்வி: காணொளித் தொகுப்புக்கான மென்பொருள் ஒன்றை வாங்க எண்ணியிருக்கிறேன். 7 நாட்களுக்கு முழு மென்பொருளையும் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம் என்கிறார்கள். பணம் வாங்காமலே பொருளைக் கொடுப்பதால் விற்பவருக்கு என்ன பயன்?

பதில்: துணியின் தரத்தைத் தொட்டுப் பார்த்து ஓரளவு அறியலாம். மென்பொருளை அப்படி அறிய வழியில்லை. விளம்பரம் எதைச் சொன்னாலும், உங்கள் கணினியில், உங்கள் வேலைக்கு, உங்கள் கைப்பழக்கத்துக்கு அது ஒத்துவருமா என்பது பயன்படுத்திய பிறகே தெரியும். இத்தகையவற்றை 'அனுபவப் பொருட்கள்' என்று 1970-இல் பொருளியல் அறிஞர் ஃபிலிப் நெல்சன் தனியே பிரித்துக் காட்டினார். வாங்குபவரின் தயக்கத்தைப் போக்குவதற்கு நேரான வழி, பொருளையே சில நாட்கள் கையில் கொடுத்துவிடுவதுதான். வேறு சரக்காக இருந்தால் கொடுத்த அளவுக்குக் கையிருப்பு குறையும். மென்பொருளில் இன்னொரு படி எடுக்க ஏறத்தாழச் செலவே இல்லை என்பதால், பார்த்துவிட்டு வேண்டாம் என்று போகிறவர்களால் விற்பவருக்குப் பெரிய இழப்பு நேர்வதில்லை.

இது புதிய வழக்கமும் அன்று. 1982-இல் ஆண்ட்ரூ ஃப்ளூகல்மன், ஜிம் நாஃப் என்னும் இருவர், தாங்கள் எழுதிய மென்பொருட்களை எவரும் படியெடுத்துப் பயன்படுத்தலாம், பயனுடையதாகத் தோன்றினால் பணம் அனுப்பலாம் என்று வெளியிட்டார்கள். 'ஷேர்வேர்' எனப் பின்னர் அறியப்பட்ட முறை இதுதான். 1993-இல் வந்த 'டூம்' விளையாட்டின் முதல் பகுதியும் இவ்வாறே இலவசமாகப் பரவியது. எஞ்சிய பகுதிகளுக்கே பணம் கேட்டார்கள். அந்தப் பழைய முறையின்மேல் எனக்குத் தனி மதிப்பு உண்டு. பயன்படுத்தியவர் தாமாக முன்வந்து பணம் கொடுத்தால்தான் விற்பனை நடந்ததாகப் பொருள். இன்றோ பல நிறுவனங்கள் கடன் அட்டை எண்ணை முதலிலேயே வாங்கிக்கொள்கின்றன. நீங்கள் மறந்து பேசாமல் இருந்தாலும் சந்தா தொடங்கிவிடுகிறது. மறதியைச் சம்மதமாகக் கொள்வது நியாயமில்லை என்றே கருதுகிறேன்.

இன்னொன்றும் உண்டு. கைக்கு வந்துவிட்ட பொருளை, வராத பொருளைவிட மிகுதியாக மதிப்பது மனித இயல்பு. 1980-இல் பொருளியல் அறிஞர் ரிச்சர்ட் தாலர் இதை விளக்கி எழுதினார். ஏழு நாள் பாடுபட்டுச் செய்த தொகுப்பு அந்த மென்பொருளுக்குள் இருக்கும்போது, அதைக் கைவிட மனம் எளிதில் ஒப்பாது.

கேள்வி: இருமுறை இப்படிப் பதிவு செய்தும், ஒழுங்காகத் திறந்து பார்ப்பதற்குள் நாட்கள் கழிந்துவிட்டன. சோதனைக் காலத்தை எப்படிப் பயன்படுத்த வேண்டும்?

பதில்: வேலை கைவசம் இருக்கும்போது மட்டும் தொடங்குங்கள். நிறுவனம் தரும் மாதிரிக் கோப்புகள் எந்த மென்பொருளிலும் அழகாகவே ஓடும். அவற்றை ஒதுக்கிவிட்டு, ஏற்கெனவே உங்களைத் திணறடித்த பெரிய கோப்பு ஒன்றை அதில் ஏற்றிப் பாருங்கள். இரண்டாம் நாளே, முடித்த வேலையை வெளியே எடுக்க முயலுங்கள். நிறுவனத்தின் முத்திரை படத்தின்மேல் விழுகிறதா, பொதுவான கோப்பு வடிவத்தில் சேமிக்க முடிகிறதா, வேறு மென்பொருளில் அது திறக்கிறதா என்பவற்றைச் சரிபார்க்காமல் பணம் கட்டியவர்கள், பிறகு பிடிக்காவிட்டாலும், செய்த வேலை உள்ளேயே சிக்கிக்கொள்வதால் சந்தாவை நிறுத்த முடியாமல் தவிப்பதுண்டு.

செயலியைக் கைப்பேசியிலிருந்து நீக்கிவிட்டால் சந்தாவும் நீங்கிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். நீங்காது, கணக்கின் சந்தாப் பகுதிக்குச் சென்று தனியே ரத்து செய்ய வேண்டும். ஆப்பிள் கணக்கு வழியாகப் பெற்ற இலவசக் காலம் என்றால், அது முடிவதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாகவே இதைச் செய்துவிட வேண்டும். ஆகவே ரத்து செய்யும் இடம் எங்கே இருக்கிறது என்பதைப் பதிவு செய்த அன்றே கண்டுபிடித்துக் குறித்து வையுங்கள்.

கேள்வி: சோதனைக் காலமே இல்லாத விளையாட்டுகளையும் மின்னூல்களையும் என்ன செய்வது?

பதில்: விளையாட்டுகளில், பணத்தைத் திரும்பப் பெறும் விதியே சோதனைக் காலமாக உதவும். கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில், வாங்கி 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். மின்னூல்களுக்குப் பெரும்பாலும் தொடக்கப் பக்கங்கள் மாதிரியாகக் கிடைக்கின்றன. கதைநூலின் நடையை அறிய அவை போதும். பாடநூல்களில் முன்னுரையோடு மாதிரி நின்றுவிடுவதும் உண்டு, அப்போது பொருளடக்கத்தையாவது வரி வரியாகப் படித்துவிட்டு வாங்குங்கள்.